வீட்டில் தைத்த ஃப்ராக் பொருந்தவில்லையா? சைடை அப்புறம் பார்க்கலாம்

"அத்தை, சைடுல மட்டும் ஒரு இஞ்ச் பிடிச்சுக் கொடுங்க, போதும்."

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் கையில் பையோடு வந்து சொன்னது இது. பைக்குள் அவளே தைத்த ஃப்ராக். வெள்ளைப் பருத்தியில் சின்னச் சின்ன நீலப் பூ, மூன்றரை மீட்டர், ராமநாதபுரத்தில் எடுத்தது. கல்லூரி லீவில் செல்போனைப் பார்த்து வெட்டி, அவள் அம்மா மெஷினில் உட்கார்ந்து பதினைந்து நாள் தைத்திருக்கிறாள். ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் போட வேண்டும். போட்டுப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டதாம்.

தங்கச்சிமடத்தில் வீட்டுத் திண்ணையில் மிதி மெஷினைப் போட்டு 26 வருஷமாகத் தைக்கிறேன். ஆல்டருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: சைடு பிடிச்சுக் கொடுங்க. கண்ணாடியில் கண்ணுக்குப் படுவது சைடுதானே. ஆனால் உடுப்பு தொங்குவது தோளில். தோளில் செய்த தப்பு கழுத்தில் வாய் பிளக்கும், மார்பில் சுருக்கமாக வரும், இடுப்பில் தொய்யும், கடைசியில் கீழ் மடிப்பு கோணலாகப் போய் நிற்கும். அதனால் நான் மேலிருந்து கீழேதான் வருவேன். தோள், கழுத்து, கை, மார்பு, இடுப்பு, மடிப்பு. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பட்டு ரவிக்கையில், கேட்டபடியே சைடில் பிடித்து, மிச்சத் துணியையும் சுத்தமாக இருக்கட்டும் என்று கத்தரித்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் கையைத் தூக்க முடியவில்லை. கோளாறு தோளில். பிரித்துவிடலாம் என்றால் வெட்டிய துணி ஒட்டுமா? புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, ஆல்டர் செய்த உடுப்பை ஒரு தடவையாவது போட்டு வந்து காட்டாமல், தையலுக்கு உள்ளே மிச்சம் நிற்கும் உள்துணியை வெட்டுவதில்லை.

சரி, ஃப்ராக்குக்கு வருவோம்.

முதல் கேள்வி: "துணியை நனைச்சுக் காயப்போட்டியாத்தா?" இல்லை என்று தலையாட்டினாள். பருத்தி மீட்டருக்கு ஓர் இஞ்ச், சிலது ஒன்றரை இஞ்ச் கூடச் சுருங்கும். இன்றைக்கு அளவு பார்த்துச் சரிசெய்துவிட்டு, நாளைக்குத் துவைத்தால் எல்லாம் வீண். ஆகவே ஊசியைத் தொடும் முன் உடுப்பை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அயர்ன் போடுங்கள். லைனிங் உள்ள உடுப்பு என்றால் இது இன்னும் முக்கியம். மேல்துணி அப்படியே இருக்க, லைனிங் மட்டும் சுருங்கி உள்ளே பிடித்து இழுக்கும். கடைக்காரர் கோளாறு என்று நாம் திட்டுவோம்.

மறுநாள் உலர்ந்த ஃப்ராக்கைப் போடச் சொன்னேன், நல்ல பக்கம் வெளியே தெரிய. உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் குண்டூசி குத்துவது சுலபம்தான். ஆனால் வலது இடது மாறிவிடும். இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருக்கும் உடம்பு அபூர்வம். குடமோ கூடையோ ஒரே பக்கம் சுமந்தவர்களுக்கு ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். திருப்பிப் போட்டு அளந்தால் இறங்காத தோளை இறக்கி வைப்பீர்கள். திருவிழா அன்றைக்கு என்ன உள்ளாடை போடப்போகிறோமோ அதையே போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் அரை இஞ்ச் வித்தியாசம் காட்டும்.

அப்புறம் பேசாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். சுருக்கம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது? குறுக்கே இழுத்த கோடு என்றால் அந்த இடம் டைட். மேலிருந்து கீழே மடிந்து நிற்கிறது என்றால் அங்கே துணி அதிகம். கழுத்தோரத்திலிருந்து கக்கத்தை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுந்தால், உடம்பின் தோள் சரிவு தைத்த சரிவைவிட அதிகம் என்று அர்த்தம். அதற்குத் தோள் தையலில் கழுத்து முனையில் ஒன்றும் எடுக்காமல், கை முனைக்கு வரும்போது அரை இஞ்ச் வருகிற மாதிரி சரித்துப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் கைக்குழி, அதாவது கை வைக்கிற வளைவு, சிறுத்துவிடும். கீழே அதே அரை இஞ்ச் தோண்டிக் கொடுக்க மறக்கக் கூடாது.

இவள் ஃப்ராக்கில் கண்டது இது: முன்கழுத்து வாய் பிளந்து நின்றது. கை வைத்த தையல் தோள் எலும்பைத் தாண்டி முக்கால் இஞ்ச் வெளியே கிடந்தது. மார்பில் குறுக்கே இரண்டு கோடு. இடுப்புத் தையல் பின்னால் சரியாக இருக்க, முன்னால் மட்டும் தொங்கியது. இடுப்பில் லூஸ். கையைத் தூக்கச் சொன்னேன், ஃப்ராக்கே சேர்ந்து மேலே வந்தது.

கவனித்தீர்களா? மார்பில் டைட், இடுப்பில் லூஸ். அவள் கேட்டபடி மேலிருந்து கீழே நேராக ஒரு இஞ்ச் பிடித்திருந்தால் மூச்சு விட முடியாது.

பிரிக்கும் வேலையில் அவசரம் கூடாது. அப்பா வலை பொத்துவதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிழிந்த கண்களை அப்படியே இழுத்து முடிச்சுப் போட மாட்டார். நைந்ததையெல்லாம் நல்ல கண் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். இழுத்துக் கட்டினால் பக்கத்துக் கண்ணும் கோணும் என்பார். தையலும் அப்படித்தான். இரண்டு இஞ்ச் சரிசெய்ய நாலு இஞ்ச் பிரியுங்கள். பிளேடு வேண்டாம், பிரிக்கிற முள்ளை எடுத்து நாலு தையலுக்கு ஒன்றை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை உருவினால் முழுதாக வந்துவிடும். பருத்தியில் பழைய ஊசி ஓட்டை தண்ணீர் தெளித்து அயர்ன் போட்டால் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. அதனால் பட்டை விரித்துவிடும் முன் யோசியுங்கள், உள்ளே பிடிப்பது மட்டும் பரவாயில்லை.

முதலில் தோளும் கழுத்தும். கழுத்து வெட்டு குறுக்கிழையில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக ஓடுவதால், பட்டி வைத்துத் தைக்கும்போது இழுத்துப் பிடித்தால் நீண்டுவிடும். பிறகு ஒட்டாமல் பிளந்து நிற்கும். புதிதாகத் தைப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். தோள் தையலைப் பிரித்து, பின்பாகத்தைத் தொடாமல், முன்பாகத்தை மட்டும் கழுத்து முனையில் அரை இஞ்ச் மேலே ஏற்றி, கை முனைக்குப் போகும்போது பழைய கோட்டிலேயே சேர்கிற மாதிரி சாக்பீஸால் கோடு போட்டேன். கையால் ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பார்த்தோம். வாய் மூடிக்கொண்டது. முன்னால் தொங்கிய இடுப்புத் தையலும் தானாகவே ஏறி பின்பக்கத்தோடு மட்டமாகிவிட்டது. "இடுப்பைத் தொடவே இல்லையே அத்தை?" என்றாள். ஆமாம், தொடவில்லை.

முன்பாகம் ஏறிய இடத்தில் கழுத்து வளைவு கொஞ்சம் முறிந்து தெரியும். அதைச் சீராக வெட்டி, துணியைச் சாய்வாக வெட்டி எடுத்த கிராஸ் பட்டியைப் புதிதாக வைக்க வேண்டும். பழைய பட்டியையே வைத்து ஒப்பேற்றாதீர்கள், அதுதான் நீண்டு போன பட்டி. புதுப் பட்டியைக் கழுத்தைவிடக் கால் இஞ்ச் குறைத்து வெட்டி, பட்டியை லேசாக இழுத்து, துணியை இழுக்காமல் தையுங்கள்.

இது முன்கழுத்துக்கு. கழுத்து மொத்தமாகவே அகலமாகி, தோள் இரண்டும் நழுவுகிறது என்றால் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நம் ஊர் ரவிக்கைகளில் இருக்கிற உபாயம்தான் கை கொடுக்கும். பின்கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு வைத்து நாட் போட்டு, முனையில் குஞ்சலம் தொங்கவிட்டால் தோள் நகராது. பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தோள் அகலத்துக்கு, கையை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. மேல் பாதியை மட்டும் பிரித்து, தோள் எலும்பு முடியும் இடத்தில் குறி வைத்து, அங்கிருந்து கைக்குழியின் நடுவரை சரிந்து மறைகிற மாதிரி முக்கால் இஞ்ச் குறைத்தேன். கையைத் திரும்ப வைக்கும்போது கையின் உச்சியும் தோள் தையலும் சேர வேண்டும். அது அரை இஞ்ச் முன்னால் பின்னால் போனாலும் கை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இனி கையைத் தூக்க முடியாத கதை. கைக்குழியை இன்னும் கீழே தோண்டினால் கை தாராளமாகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. கைக்குழி கீழே போகப் போக, கையைத் தூக்கினால் சைடு முழுவதும் சேர்ந்து இழுபடும். கக்கத்துக்குக் கிட்டே, ஒரு விரல் போகிற அளவு இடம் விட்டு இருக்கிற கைக்குழிதான் கையை விடும். இவள் இரண்டு இஞ்ச் அதிகமாகத் தோண்டியிருந்தாள்.

இதற்கு மருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது, பாசி எடுக்கப் போகிற அக்காமார். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தீவுப் பக்கம் தண்ணீரில் குனிந்தும் முங்கியும் கையை நீட்டி நீட்டிப் பாறையில் பாசி பிடுங்குகிறவர்கள். நான் தைத்த ரவிக்கையை ஒருத்தர் என் முன்னால் போட்டுக்கொண்டு, கையை நீட்டி, குனிந்து, "இந்தா, கிழிஞ்சிருச்சு" என்று காட்டினார். கக்கத்தில்தான் கிழிந்தது. அவரே வழியும் சொன்னார்: "சதுரமா ஒரு துண்டு வையி."

அந்தத் துண்டை வைக்கும் விதம் இது. 4 இஞ்ச் சதுரம் வெட்டுங்கள். நாலு ஓரத்திலும் அரை இஞ்ச் தையலுக்குப் போனால் 3 இஞ்ச் சதுரம் நிற்கும். கக்கத்தில் நாலு தையல் முனை சேருகிற இடத்திலிருந்து, சைடு தையலைக் கீழ்நோக்கி 3 இஞ்ச், கையின் அடித்தையலைக் கை முனை நோக்கி 3 இஞ்ச் பிரியுங்கள். கை வைத்த தையலை அந்த முனையில் மட்டும் விடுவித்து, மற்றதைத் தொட வேண்டாம். இப்போது ஒரு வாய் திறந்திருக்கும். சதுரத்தின் ஒரு மூலை சைடில் பிரித்தது நின்ற இடத்தில், எதிர் மூலை கையின் அடித்தையலில் பிரித்தது நின்ற இடத்தில், மற்ற இரண்டும் முன்னும் பின்னும் கை வைத்த தையலில் உட்காரும். ஒவ்வொரு பக்கமாகத் தைத்து, மூலையில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே துணியை அழுத்தும் மெஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். மூலையைத் தாண்டி ஒரு தையல் போனாலும் சொருகல் விழும். முதல் தடவை யாருக்கும் சரியாக வராது, பழைய துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். துண்டுக்குத் துணி மிச்சமில்லை என்றால் உள்கழுத்துப் பட்டியிலோ, இடுப்பு நாடாவிலோ எடுங்கள். கையைக் கீழே விட்டால் அது வெளியே தெரியப் போவதில்லை.

துண்டு வைத்த பிறகு அவளை அலமாரி மேல் இருக்கிற டப்பாவை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். ஃப்ராக் அசையவில்லை.

மார்புக்கு ஒரு கணக்கு மனசில் இருக்கட்டும். உடுப்பில் நாலு ஓரம் உண்டு: முன்பாகத்தில் இரண்டு, பின்பாகத்தில் இரண்டு. ஓரத்துக்குக் கால் இஞ்ச் விட்டால் சுற்றளவில் ஒரு இஞ்ச் கூடும். இரண்டு சைடிலும் தையலை அரை இஞ்ச் உள்ளே தள்ளினால் சுற்றளவில் 2 இஞ்ச் போய்விடும். "கொஞ்சமாத்தானே பிடிச்சேன்" என்று அழுகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் ஏமாந்தவர்கள். இவள் மார்புச் சுற்று 34. ஃப்ராக்கை அளந்தால் 35. இழுபடாத துணிக்கு உடம்பைவிட 2 இஞ்சாவது அதிகம் வேண்டும். உள்துணி அரை இஞ்ச்தான் விட்டிருந்தாள். அதில் பாதியை எடுத்து 36 ஆக்கினேன். அடுத்த தடவை ஒரு இஞ்சாவது உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன்.

இருந்த இரண்டு கோட்டில் ஒன்று அதோடு போனது. இன்னொன்று டார்ட், மார்புக்கு வடிவம் வரப் பிடிக்கிற கூர்மடிப்பு. அதன் முனையை மார்பின் உச்சியிலேயே கொண்டுபோய் முடித்திருந்தாள், கூம்பு மாதிரி நின்றது. உச்சிக்கு ஓர் இஞ்ச் முன்னாலேயே முடிய வேண்டும். முனையில் மெஷினைப் பின்னால் ஓட்டி இறுக்காமல், நூலை நீளமாக விட்டுக் கையால் இரண்டு முடிச்சுப் போடுங்கள். புடைப்பு இருக்காது.

இப்போதுதான் இடுப்புச் சைடு. மேலே எல்லாம் உட்கார்ந்த பிறகு பார்த்தால் லூஸ் பாதியாகக் குறைந்திருந்தது. டார்ட் முடியும் இடத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை, ஒவ்வொரு சைடிலும் கால் இஞ்ச் சரித்துப் பிடித்தேன். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது இருக்கும் இடுப்பு வேறு, உட்காரும்போது இருக்கும் இடுப்பு வேறு. திருவிழாவில் சாப்பாடும் உண்டு.

கீழ் மடிப்பை அன்றைக்கே தைக்காதீர்கள். குடை மாதிரி விரியும் அம்பர்லா வெட்டில் சில இடம் நேர் இழை, சில இடம் குறுக்கு இழை. குறுக்கு இழை தன் பாரத்தில் இறங்கும். ஹேங்கரில் மாட்டி ஒரு நாள் தொங்க விட்டபோது இவள் ஃப்ராக் இரண்டு பக்கத்திலும் முக்கால் இஞ்ச் இறங்கியது. அப்புறம் அவளை நேராக நிற்க வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் குச்சியை நிறுத்தி, சுற்றி வந்து சாக்பீஸ் புள்ளி வைத்தேன். இடுப்பிலிருந்து அளந்தால் சரியாக வராது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஜூலையில் எங்கள் ஊர்க் கச்சான் காற்றில் திண்ணையில் நிற்க வைத்து அளந்தால் ஃப்ராக் ராமேஸ்வரத்துக்கே போய்விடும்.

கடற்கரையில் தைப்பவர்களுக்கு ஒரு தொல்லை, துரு. உப்புக் காற்றில் குண்டூசி ஒரு ராத்திரி துணியில் நின்றாலே வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழும். என் ஊசியும் குண்டூசியும் முகப்பவுடர் போட்ட டப்பாவில் கிடக்கும், ஈரம் பிடிக்காது. குத்தும்போது எண்ணிக் குத்தி, எடுக்கும்போது எண்ணி எடுப்பேன். இந்தத் தடவை 22 குத்தி 21 எடுத்தேன். மறுநாள் மடிப்பில் கிடைத்தது, பக்கத்தில் புள்ளியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசினேன், போய்விட்டது. பிளீச்சிங் போடாதீர்கள், துரு இன்னும் பிடித்துக்கொள்ளும். சாயத் துணி என்றால் எலுமிச்சையையும் உள்மடிப்பில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றையும் மீட்க முடியும் என்று சொல்ல மாட்டேன். முதுகு அகலத்தைக் குறைத்து வெட்டிவிட்டால் ஒட்டுப் போட்டாலும் அசிங்கமாக இருக்கும். அதைப் பிரித்து அடிப்பாகத்தைப் பாவாடையாக்கிக் கொள்ளலாம், இல்லை வீட்டில் இருக்கும் குட்டிக்குச் சட்டை தைக்கலாம்.

திருவிழா முடிந்த மறுநாள் ஃப்ராக்கைத் துவைத்து எடுத்து வந்து காட்டினாள். தையல் எங்கும் விடவில்லை. தோளில் குறைத்த முக்கால் இஞ்ச் மிச்சத்தை அப்போதுதான் வெட்டி, ஓரத்தை அடித்துக் கொடுத்தேன். சைடில் உள்ளே இருக்கிற துணியை மட்டும் வெட்டவில்லை. "அது எதுக்கு அத்தை?" என்றாள். அடுத்த வருஷம் இதே ஃப்ராக்கோடு வந்து, சைடு விட்டுக் கொடுங்க என்பாள். அதற்கு இருக்கட்டும்.